துப்பாக்கி இல்லாத படம்

இந்தப் பைய என் காலடியிலயே வச்சுக்கிறேன் சார், கோவிச்சுக்காதீங்க. மேல வச்சா உருண்டுரும். உள்ள கண்ணாடி ஷீல்டு இருக்கு. நீங்க மதுரையா? நானும் அதுவரைக்கும்தான். கார்லதான் வந்தேன், ராமநாதபுரத்துல கியர் பாக்ஸ் போயிருச்சு. மெக்கானிக் நாளைக்குத்தான்னு சொல்லிட்டான். பஸ்ல ஏறி எவ்வளவு வருஷமாச்சு தெரியுமா? பரவாயில்ல, இன்னைக்கு எனக்கு யார்கிட்டயாவது பேசணும் போல இருக்கு. மனசு சரியில்ல சார்.

நான் சினிமா டைரக்டர். முத்தரசுன்னு பேரு. யோசிக்காதீங்க, தெரிஞ்சிருக்காது. படம் இன்னும் நம்ம தியேட்டருக்கு வரல. வெளிநாட்டுல ரெண்டு மூணு விழாவுல போட்டாங்க. ஒரு ஊர்ல படம் முடிஞ்சு லைட்டு போட்டதும் அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுறாங்க. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எண்பது வயசு இருக்கும், என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அந்தம்மா அண்ணன் ஏதோ ஒரு யுத்தத்துல செத்தவராம். அழுதுக்கிட்டே என்னமோ சொன்னாங்க. மொழி புரியல. மொழி எதுக்கு சார்? நானும் அழுதேன்.

போருக்கு எதிரான படம். இலங்கைல நடந்த போர். ஆனா என் படத்துல ஒரு துப்பாக்கி கிடையாது. ஒரு குண்டுச் சத்தம் கிடையாது, ஒரு சிப்பாய் கூடக் கிடையாது. அதுதான் சார் என் கொள்கை. காலேஜ் படிக்கும்போது ஃபிலிம் சொசைட்டில நிறைய போர்ப்படம் பாத்திருக்கேன். போர் கூடாதுன்னு சொல்லுவான், ஆனா டாங்கியைக் காட்டுறப்போ ரசிச்சு ரசிச்சுக் காட்டுவான். பாக்குறவனுக்குக் கை துறுதுறுங்கும். அப்பவே முடிவு பண்ணிட்டேன். நான் எடுத்தா மனுஷனை மட்டும்தான் காட்டுவேன். இரக்கத்தை மட்டும்தான் காட்டுவேன்.

எதுக்குச் சொல்றேன்னா, இன்னைக்கு நான் ஒரு வீட்டு வாசல்ல நின்னுட்டு வந்தேன் சார். உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. பொன்னாடை கொண்டு போனேன், ஷீல்டு கொண்டு போனேன். எனக்குக் குடுத்த ஷீல்டு சார் இது, ஆனா அவங்களுக்குத்தான் சேரணும்னு எடுத்துட்டுப் போனேன். அப்படியே திருப்பிக் கொண்டு வர்றேன். நீங்களே சொல்லுங்க, என் இடத்துல நீங்க இருந்தா எப்படி இருக்கும்?

அந்த அக்கா பேரு யோகராணி. அகதிகள் முகாம்ல இருக்காங்க. எந்த முகாம்னு கேக்காதீங்க, பாவம், அவங்களுக்குப் பிரச்சனை வரும். படகுல வந்தவங்க. புருஷன் அங்கயே ஷெல் அடிச்சுப் போயிட்டார். ஒரே ஒரு பொண்ணு, தர்சிகா. இருபது வயசுக்கு மேல இருக்கும், பக்கத்து டவுன்ல துணிக்கடைல வேலை பாக்குது.

கதைக்காக முகாமுக்கு முதல்ல போனப்போ யாருமே பேசல. போலீஸ்காரனோன்னு பயம். நான் விடல. மறுபடி மறுபடி போனேன். பிள்ளைங்களுக்குப் பிஸ்கட், கலர் பென்சில். கேமராவை வெளிய எடுக்கவே இல்ல. யோகராணி அக்கா வீட்டுலதான் கடைசியில உக்கார இடம் கிடைச்சது. பிட்டும் சொதியும் போடுவாங்க. என்னைத் 'தம்பி'ன்னுதான் கூப்பிடுவாங்க. அந்தத் 'தம்பி'ல ஒரு இது இருக்கும் சார். எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கிடையாது. அந்த வீட்டுத் தரைல உக்காந்து சாப்பிடும்போது, நெசமா சொல்றேன், இவங்களுக்காக உசிரையே குடுக்கலாம்னு தோணும்.

ஒருநாள் மத்தியானம். பொண்ணு கடைக்குப் போயிருந்துச்சு. அக்கா மீன் கழுவிட்டு இருந்தாங்க. நான் ஒண்ணும் கேக்கல. அவங்களாவே சொல்ல ஆரம்பிச்சாங்க.

படகுக்காரன் இவங்களை ஒரு மணல் தீடைல இறக்கி விட்டுட்டான். தெரியுமில்ல? நடுக்கடல்ல மணல் திட்டுத் திட்டா இருக்குமே, அது. விடிஞ்சதும் இந்தியா நேவிக்காரன் வந்து ஏத்திப்பான்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டான். இவங்களும் ரெண்டு பிள்ளைங்களும். ஆமா சார், ரெண்டு. மூத்தவன் நிரோஜன், ஆறு வயசு. சின்னது தர்சிகா, மூணு வயசு. பையனுக்குக் கிளம்பும்போதே காய்ச்சல். கையில ஒரு பாட்டில் தண்ணி. விடிஞ்சது, ஒருத்தரும் வரல. வெயில் ஏறுது. சுத்திலும் கடல், நிழலுக்கு ஒரு செடி கிடையாது. பையனுக்கு உடம்பு கொதிக்குது, கண்ணு சொருகுது. அந்த இடத்துல அக்கா ஒரு முடிவு எடுத்தாங்க. இவன் தங்க மாட்டான்னு மனசுல பட்டிருச்சு. மிச்சத் தண்ணியை சின்னவளுக்கு மட்டும் குடுத்தாங்க.

"அவன் கேட்டவன் தம்பி. 'அம்மா, எனக்கு?' எண்டு கேட்டவன். 'தங்கச்சி குடிச்சிட்டுத் தருவாள் ராசா' எண்டு சொன்னனான். கேட்டுக் கேட்டு, பிறகு கேக்கேல்ல."

நேவி வரும்போது பொழுது சாஞ்சிருச்சு. பையன் போயிட்டான்.

இதைச் சொல்லிட்டு மீன் கழுவின கையோட என் கையைப் பிடிச்சாங்க. "தர்சிகாவுக்குத் தெரியாது. அண்ணா காய்ச்சல்ல போனவன் எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன். அவளுக்கு இது தெரியவே கூடாது தம்பி."

"சத்தியமாக்கா"ன்னு சொன்னேன். மனசார சொன்னேன்.

முகாமை விட்டு வெளிய வந்து கார்ல உக்காந்து எவ்வளவு நேரம் அழுதேன்னு எனக்கே தெரியாது. அழுது முடிச்சதும் ஒரு வெளிச்சம் சார். படம் கிடைச்சிருச்சு! ஒரு துப்பாக்கி இல்ல, ஒரு சிப்பாய் இல்ல. ஒரு தாய், ரெண்டு பிள்ளைங்க, ஒரு பாட்டில் தண்ணி. போர்னா என்னன்னு இதுக்கு மேல எவன் சொல்ல முடியும்?

ஷூட்டிங் வேற ஒரு கடற்கரைல. தீடைல எடுக்கப் பர்மிஷன் குடுக்கல. முகாம் ஆளுங்களையே கூட்டத்துக்கு வச்சுக்கிட்டேன். அதிகாரிங்ககிட்ட நடையா நடந்து அனுமதி வாங்கிக் குடுத்தேன். அவங்கள்ல பாதிப்பேரு இங்க வந்த பிறகு கடற்கரைக்கே வந்ததில்லையாம். நம்மால ஒரு சந்தோஷம்.

எல்லாத்தையும் நேர்மையாத்தான் செஞ்சேன். படத்துல ஒரு நாய்க்குட்டி வரும். பையன் சட்டைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வர்ற நாய்க்குட்டி. அதுக்கு ஒரு கொறையும் வந்துடக் கூடாதுன்னு மாட்டு டாக்டர் ஒருத்தரைப் பக்கத்துலயே வச்சிருந்தேன். குடை பிடிக்க ஒரு ஆளு. அப்பப்போ குளுக்கோஸ் தண்ணி. எந்த விலங்கும் துன்புறுத்தப்படலைன்னு படத்துக்கு முன்னாடி கார்டு போடுறாங்கள்ல, நம்ம படத்துல அது சும்மா பேருக்குப் போட்டது இல்ல சார்.

கூட்டத்துல இருந்தவங்களுக்கு மட்டும் கொஞ்சம் சிரமம். முகம் வாடித் தெரியணும்ல? அதனால காலையிலேருந்து வெயில்லயே உக்கார வச்சிருந்தோம். தண்ணி குடிச்சா உதடு ஈரமாயிரும், குளோசப்ல தெரிஞ்சிரும். ஷாட் முடியட்டும்னு சொல்லிட்டோம். ஒருத்தர் முகம் சுளிக்கணுமே? மாட்டாங்க. பழக்கப்பட்டவங்க.

பிரச்சனை எங்க வந்துச்சுன்னா, அம்மா வேஷத்துல. நல்ல நடிகைதான், நாடகத்துலேருந்து வந்தவங்க. ஆனா அழுகுறாங்க சார். அழகா அழுகுறாங்க. அழகா அழுதா அது போர் இல்ல. எடுத்துப் பாத்தோம், பாத்தோம், வரவே இல்ல. சோர்ந்து போய்த் திரும்பிப் பாக்குறேன், கூட்டத்துக்கு நடுவுல தர்சிகா உக்காந்திருக்கு. யோகராணி அக்காவை இருபது வருஷம் பின்னாடி கொண்டு போய் உக்கார வச்ச மாதிரி. அதே நெத்தி, அதே தாடை.

அவளை அந்த வேஷத்துல நடிக்க வைக்கலாமான்னு அக்காகிட்ட கேட்டேன். மொகம் செத்துருச்சு.

"இவளை விடுங்கோ தம்பி. வேற ஆரையும் வையுங்கோ. உங்களுக்குக் கோடி புண்ணியம் கிடைக்கும்."

"அக்கா, தண்ணி விஷயமே சீன்ல இல்ல. காய்ச்சல்ல சாகுறான், அவ்வளவுதான். மாத்திட்டேன்."

"உண்மையாவோ?"

"நான் உங்க தம்பி. உங்ககிட்டப் பொய் சொல்லுவேனா?"

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? ஒரு நல்ல காரியத்துக்கு மனுஷன் இதுகூடச் சொல்லலைன்னா எப்படி? லட்சம் பேரு பாக்கப் போற படம். நாளைக்கு ஒரு பய துப்பாக்கியைத் தூக்கும்போது இந்தத் தாய் அவன் கண்ணுக்கு முன்னாடி வரணும். அதுக்கு முன்னாடி என் பொய்யெல்லாம் என்ன?

தர்சிகாவுக்கு வசனம் எதுவும் சொல்லல. இடத்துல நிக்க வச்சுச் சொன்னேன். "இந்தப் பாட்டில்ல கொஞ்சம் தண்ணி இருக்கு. ரெண்டு பிள்ளையும் கேக்கும். நீ சின்னதுக்கு மட்டும் குடுக்கணும். பெரியவன் கேட்டா, தங்கச்சி குடிச்சிட்டுத் தருவாள்னு சொல்லு. அவ்வளவுதான்."

அக்கா தூரத்துல கூட்டத்தோட இருந்தாங்க. காத்து அடிக்குது, நான் சொன்னது அவங்களுக்குக் கேக்கல.

ஆக்‌ஷன்னேன். பையன் கேட்டான். அவ பையனுக்குக் குடுத்துட்டா.

கட். மறுபடி சொல்லிப் புரிய வச்சேன். சரி சார்னா. மறுபடி பையனுக்கே குடுக்குறா. கையி தானா அந்தப் பக்கம் போகுது. மூணாவது தடவையும் அதேதான். எனக்குக் கோவம் வந்துருச்சு. வெளிச்சம் போயிட்டு இருக்கு.

"ஏம்மா, சொன்னா புரியாதா உனக்கு?"

"புரியுது சார். ஆனா அவன்தான சார் காய்ச்சல்காரன்? சாகப்போற பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தா என்ன சார்?"

"கதை அப்படித்தாம்மா."

இங்க வளந்த பொண்ணு அது, வெளியில நம்ம பேச்சுதான் பேசும். அப்ப திடீர்னு அவங்க பேச்சு வந்துருச்சு. சத்தமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. "எந்தத் தாய் இப்பிடிச் செய்வாள்? பெத்த பிள்ளைக்கு ஆரும் இப்பிடிச் செய்வினமோ?"

அந்த நேரம் பாத்துக் காத்து நின்னுருச்சு சார். நான் திரும்பி யோகராணி அக்காவைப் பாத்தேன். எந்திரிச்சு நிக்கிறாங்க. கை ரெண்டும் முந்தானையைப் பிடிச்சிருக்கு. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது, இது கிடைக்காது, இனிமே ஜென்மத்துக்கும் இப்படி ஒண்ணு கிடைக்காதுன்னு. கேமராமேனுக்குக் கண்ணைக் காட்டினேன். ஓட விடு, நிறுத்தாதன்னு. ரெண்டாவது கேமராவை அக்கா பக்கம் திருப்பச் சொன்னேன். அப்புறம் தர்சிகாகிட்ட மெதுவா, ரொம்ப மெதுவாத்தான் சொன்னேன்.

"எந்தத் தாய் செய்வான்னு உங்க அம்மாகிட்டயே கேளு."

அவ திரும்பினா.

ஒரு சத்தம் இல்ல. அலை மட்டும்தான். மகள் அம்மாவைப் பாக்குறா. அம்மா தலையை இப்படி... இல்லைன்னு ஆட்டப் போனாங்க, ஆட்ட முடியல. தர்சிகா கையில இருந்த பாட்டிலைப் பாத்தா. அந்தக் குட்டிப் பொண்ணைப் பாத்தா, மூணு வயசுப் பிள்ளை. மறுபடி அம்மாவைப் பாத்தா. எல்லாம் விளங்கிருச்சு சார் அவளுக்கு. ஒரு மூஞ்சியில அப்படி ஒண்ணு நடக்கும்னு நான் பாத்ததே இல்ல. நான் அந்த நேரத்துல வாயைத் திறக்கல. டைரக்டருக்கு எப்ப பேசக்கூடாதுன்னு தெரியணும்.

அப்புறம் செஞ்சா பாருங்க. யாரும் சொல்லல. அந்தக் குட்டியை மடில தூக்கி, பாட்டிலை அது வாயில வச்சு, சொட்டு விடாம குடிக்க வச்சா. பையன் நான் சொல்லிக்குடுத்த மாதிரியே, "அம்மா, எனக்கு?"ன்னான். அவ அவனைப் பாக்கவே இல்ல. அம்மாவையேதான் பாத்துட்டு இருந்தா.

கட் சொல்ல எனக்கு மனசே வரல.

யூனிட்ல மெர்சின்னு ஒரு பொண்ணு, அசிஸ்டென்ட். ரெண்டாவது கேமராகிட்ட ஓடிப் போய் லென்ஸை மறைச்சுட்டா. "சார், நிறுத்துங்க, அந்தம்மா செத்துருவாங்க"ன்னு கத்துறா. நல்லவேளை அதுக்குள்ள தேவையானது வந்துருச்சு. அன்னைக்கே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா. நான் சபிக்கல. சின்ன வயசு, பக்குவம் இல்ல. மனிதாபிமானம்னா அப்ப அப்ப கண்ணைத் துடைக்கிறதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. அது இல்ல சார். பெரிய அளவுல பாக்கணும்.

அம்மாவும் மகளும் முகாமுக்கு ஒரே வேன்லதான் போனாங்க. அவங்க முன் சீட்டு, இவ கடைசி சீட்டு. டிரைவர் சொன்னான்.

எடிட்டிங் நடக்கும்போது அக்கா ஒரு தடவை போன் பண்ணாங்க. திட்டல. அழல. "அந்த இடத்தை மட்டும் வெட்டி விடுங்கோ தம்பி. ஊர் பாக்கிறதுக்குக் கவலை இல்லை. அவள் திரும்பத் திரும்பப் பாப்பாள்" அப்படின்னாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, உங்க மகனுக்கு மண்ணுல ஒரு கல்லறை கிடையாது. நான் கட்டியிருக்கேன்."

எப்படி சார் இருக்கு? அந்த நேரத்துல தானா வாயில வந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேட்டில கூட இதைச் சொன்னேன். கேட்டவங்களுக்கெல்லாம் கண்ணு கலங்கிருச்சு. அந்தக்கா மட்டும் சரின்னு போனை வச்சுட்டாங்க. சரின்னா சரிதானே? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

விருதுக்கு வாசிச்ச குறிப்புல என்ன எழுதியிருந்தாங்கன்னா, போர்ல யாரும் யாரையும் மனுஷனா பாக்குறது இல்ல, இந்தப் படம் ஒரு தாயை மனுஷியா பாத்திருக்குன்னு. மேடைல நான் பேசும்போது யோகராணி அக்கா பேரைச் சொன்னேன். எத்தனை டைரக்டர் சொல்லுவான்? பேரு, ஊரு, என்ன நடந்துச்சு, எல்லாத்தையும் சொன்னேன். மறைக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு?

சரி, இன்னைக்குக் கதைக்கு வர்றேன். காலையில முகாமுக்குப் போறேன். முன்னாடியெல்லாம் பிள்ளைங்க காரைச் சுத்திக்கும். இன்னைக்கு ஒரு பொம்பள பிள்ளையை இழுத்து உள்ள விட்டுக் கதவைச் சாத்துறா. எனக்கு ஒண்ணும் புரியல. அக்கா வீட்டுக் கதவு பாதி திறந்திருந்துச்சு. உள்ள அவங்க கால் தெரியுது. கட்டில்ல உக்காந்திருக்காங்க. "அக்கா, நான் முத்தரசு வந்திருக்கேன்"னேன். கால் அசையல.

தர்சிகாதான் வாசலுக்கு வந்தா. ஞாயித்துக்கிழமைல்ல, வீட்டுல இருந்தா. மெலிஞ்சு போயிருந்தா.

"அம்மாவுக்கு உடம்பு முடியலையா?"

"போன மாசம் மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரில வச்சிருந்தோம்."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதாம்மா? நான் யாரு உங்களுக்கு?"

பொன்னாடையை நீட்டினேன். வாங்கல. ஷீல்டை எடுத்துக் காட்டினேன், அதுல எழுதியிருக்கிறதை வாசிச்சுத் தமிழ்ல சொன்னேன். கேட்டுட்டு நின்னா. அம்மாவும் நீயும் பேசிக்கிறீங்களான்னு கேட்டேன். அக்கறைலதான் கேட்டேன். பேசுவோம், சமையலுக்கு என்ன வாங்கணும், கரண்ட் வந்துச்சா, அது மாதிரி பேசுவோம்னா. அன்னைக்கு அப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சிருன்னு அம்மாகிட்ட நீ சொல்லியிருக்கணும்மா, உன்னைக் காப்பாத்தினவங்கல்ல அவங்கன்னு எடுத்துச் சொன்னேன். பெரியவன்னு ஒருத்தன் சொல்லணும்ல.

"சொல்லிட்டேன் சார். கால்ல விழுந்து சொல்லிட்டேன். அவங்க கேக்கணுமே."

"ஏன், என்ன சொல்றாங்க?"

குரலைத் தாழ்த்தி, உள்ள கேக்கக் கூடாதுன்னு, அவங்க பேச்சுலயே சொன்னா.

"அம்மா என்ர முன்னால தண்ணி குடிக்கிறேல்ல. நான் வேலைக்குப் போனாப் பிறகுதான் குடிக்கிறா. நான் வீட்டில நிக்கிற நாள் முழுக்க வாய் நனைக்கிறேல்ல."

சார்... எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. கையைப் பாருங்க, இப்பக் கூட ரோமம் நிக்குது. மூணே வரி! எவன் உக்காந்து எழுதினாலும் இது வராது சார். அவ சொன்ன விதம் இருக்கே, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, கரண்ட் பில்லைச் சொல்ற மாதிரி சொன்னா. என் அடுத்த படமே அங்க இருக்கு. போர் முடிஞ்சு இத்தனை வருஷம் கழிச்சு, ஒரு சின்ன வீட்டுக்குள்ள, ஒரு தாயும் மகளும். அதுலயும் துப்பாக்கி கிடையாது.

சட்டுனு போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பிச்சேன். "தர்சிகா, கண்ணு, இப்பச் சொன்னல்ல, அதை அப்படியே இன்னொரு தடவை சொல்லும்மா. மறந்துரும் எனக்கு"ன்னேன். மாட்டேன்னு கதவைச் சாத்திருவாளோன்னு பயம்தான். ஆனா சொன்னா சார். ஒரு வார்த்தை மாறாம, மெதுவா, மறுபடி சொன்னா. சொல்லிட்டுத்தான் கதவைச் சாத்தினா. நான் வெயில்லயே நின்னு போட்டுப் பாத்தேன். சத்தம் நல்லா வந்திருக்கு, வெளிச்சமும் நல்லா விழுந்திருக்கு.

ஆனா பிரயோஜனம் இல்ல. ரெண்டாவது தடவை சொல்லும்போது கேமராவையே பாத்துட்டா. ஆரம்பிச்சதுலேருந்து முடிக்கிற வரைக்கும் கண்ணை எடுக்கவே இல்ல. அப்படிப் பாத்துட்டா அதைப் படத்துல எங்கயும் வைக்க முடியாது சார்.